ஓக் மர வீட்டின் பின்வாசல்

பழைய மரவீடு ஒன்றைக் காட்டுவதாகச் சொல்லி மகள் அழைத்துச் சென்றாள். வண்டியை விட்டு இறங்கிப் பார்த்தபோது என் எதிரே நின்றது செங்கல் வீடு. சிவந்த சுவர்கள், உயர்ந்த புகைபோக்கிகள், செங்குத்தாய்ச் சரியும் ஓட்டுக்கூரை. தச்சர் மகனாகிய எனக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தை மறைத்துக்கொள்ள இயலவில்லை. "இதில் மரம் எங்கேயம்மா இருக்கிறது?" என்று கேட்டேன். "உள்ளே வாருங்கள் அப்பா" என்றாள்.

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்தில், வுல்வர்ஹாம்ப்டன் நகருக்கு வடக்கே, மோஸ்லி என்னும் இடத்தில் இருக்கிறது அவ்வீடு. மோஸ்லி ஓல்ட் ஹால் என்பது அதன் பெயர். 'ஹால்' என்றதும் மாளிகை என எண்ணிவிடலாகாது. கொஞ்சம் வசதி படைத்த ஒரு குடியானவக் குடும்பத்தின் பண்ணை வீடு, அவ்வளவே. ஏறத்தாழ 1600-ஆம் ஆண்டில் ஹென்றி பிட் என்னும் வுல்வர்ஹாம்ப்டன் வணிகர் அதைக் கட்டினார். அவருடைய மகள்வழியே அது விட்கிரேவ் என்னும் கத்தோலிக்கக் குடும்பத்தாரின் கைக்கு வந்தது. அன்று சுற்றிலும் வயலும் மேய்ச்சல் நிலமுமாக இருந்திருக்க வேண்டும். இன்று அருகிலேயே எம்54 நெடுஞ்சாலை ஓடுகிறது. தோட்டத்தில் நின்று செவிமடுத்தால் பறவைகளின் குரலுக்கு அடியில் ஓர் இரைச்சல் ஓயாமல் கேட்டுக்கொண்டேயிருக்கிறது.

செங்கல்லின் கதையை உள்ளே போனதும் அறிந்துகொண்டேன. வீட்டைக் காட்ட வந்த மூதாட்டி ஊதியம் வாங்காமல் தொண்டு செய்பவர். வீட்டின் மேற்புறச் சட்டங்கள் மழையிலும் பனியிலும் உளுத்துப் போகவே, 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அன்றைய உரிமையாளர்கள் வீடு முழுவதையும் செங்கல்லால் போர்த்திவிட்டார்களாம். சட்டங்களுக்கு இடையில் மண்பூச்சும் சுண்ணாம்புமாக இருந்த பழைய முகம் அவ்வாறே மறைந்துபோயிற்று. ஆனால் எலும்புக்கூடு உள்ளேதான் இருக்கிறது. கூடத்துள் நுழைந்து தலையை உயர்த்தியபோது உத்தரங்கள் தெரிந்தன. கைப்பிடிக்கு அடங்காத பருமனில், முழுமரத்தைச் செதுக்கி அமைத்த ஓக் உத்தரங்கள். நான் அவற்றைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டேன். மூதாட்டி சிரித்துக்கொண்டே தலையசைத்தார்.

அன்பு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இந்த இடத்தில் சற்று நேரம் மரத்தைப் பற்றிப் பேசாமல் என்னால் மேலே செல்ல இயலாது. என் தந்தையார் தச்சர். தேக்கை அறுத்து அடுக்கி, ஆண்டுக்கணக்கில் உலரவிட்டு, அதன் பிறகே உளியைத் தொடுவார். ஈரமரத்தில் கதவு செய்தவனைப் பற்றி அவர் பேசும் தோரணையே தனி. இங்கிலாந்தின் தச்சர்களோ நேர்மாறான வழியைக் கண்டிருக்கிறார்கள். ஓக் மரத்தை வெட்டிய ஈரம் காயுமுன்பே வேலை செய்தார்கள். உலர்ந்துவிட்டால் அது இரும்பைப் போல் இறுகிவிடும், உளி இறங்காது. எனவே பச்சை மரத்தையே கோடரியாலும் வாய்ச்சியாலும் சதுரமாக்கி, ஒரு சட்டத்தின் நுனியில் கழுந்தும் மற்றொன்றில் துளையுமாக வெட்டி, இரண்டையும் பொருத்தி மர ஆணி அறைந்தார்கள். இரும்பு ஆணி இல்லை. கழுந்தில் இடும் துளையையும் சட்டத்தில் இடும் துளையையும் வேண்டுமென்றே ஒரு நூல் விலக்கி வைப்பார்களாம். ஆணி இறங்கும்போது அது கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கும். மரம் உலர உலர வளையும், முறுகும், வெடிக்கும். ஆயினும் மூட்டு மட்டும் மேலும் மேலும் இறுகும். அந்நாட்டுப் பழைய மரவீடுகளில் நேர்கோடாக ஒரு சட்டத்தையும் காண முடியாததன் காரணம் இதுவே. சரிந்துவிடப் போகிறதென்று நாம் அஞ்சுகிற வீடு நானூறு ஆண்டுகளாக அந்தச் சரிவோடுதான் நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. வீட்டின் சட்டகம் முழுவதையும் முதலில் தச்சரின் முற்றத்தில் தரையில் கிடத்தியே பொருத்திப் பார்ப்பார்கள். ஒவ்வொரு மூட்டிலும் உளியால் ஓர் அடையாளம் இடுவார்கள். நேர்க்கோடுகளால் ஆன ரோமானிய எண்களே பெரும்பாலும் அவ்வடையாளங்கள். வளைந்த எழுத்தை உளியால் வெட்டுவது கடினமல்லவா! பிறகு எல்லாவற்றையும் பிரித்து, வண்டியில் ஏற்றி, மனைக்குக் கொண்டுபோய், எண்ணோடு எண் சேர்த்து நிமிர்த்துவார்கள். ஊரார் கூடிக் கயிறு பிடித்துத் தூக்குவார்கள். மரம் ஈரத் தரையைத் தொட்டு உளுத்துப் போகாதபடி கீழே கல்லாலோ செங்கல்லாலோ ஒரு தாழ்வான அடிச்சுவர். அதன்மேல் அடிச்சட்டம், அதில் ஊன்றிய தூண்கள், தூண்களின் தலையில் வளையும் விட்டமும், விட்டத்தின்மேல் கைமரங்கள். மரத்தின் அடிப்பாகம் மேலே வரும்படி தூணைத் தலைகீழாக நிறுத்தும் வழக்கமும் உண்டு. பல சட்டங்கள் ஒன்றுகூடும் இடம் தூணின் தலைதான். அகன்ற பாகம் அங்கே தேவைப்படுகிறது.

சட்டங்களுக்கு இடையிலான கட்டங்களை எப்படி அடைத்தார்கள் என்பதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வளையும் இளங்கிளைகளை வரிச்சாகப் பின்னி, களிமண்ணும் சாணமும் நறுக்கிய வைக்கோலும் குழைத்து இருபுறமும் அப்பி, மேலே சுண்ணாம்பு அடித்தார்கள். நான் பிறந்த வீட்டின் சுவரும் வரிச்சுச் சுவரே. சாணத்தின் மகிமையை மேல்நாட்டார் அறியார் என்று பள்ளியில் பலமுறை பேசிய வாய் என்னுடையது! இவ்வீடுகள் எல்லாம் கன்னங்கரேலென்ற சட்டமும் வெள்ளைச் சுவருமாகப் படங்களில் காணப்படுகின்றனவே, அந்தக் கறுப்பு பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நாகரிகம். பழங்காலத்தில் ஓக்கைப் பூச்சின்றியே விட்டார்கள். அது வெயிலிலும் மழையிலும் வெளுத்து வெள்ளிச் சாம்பல் நிறமாகிவிடும். உடைந்த கப்பல்களின் மரத்தால் கட்டியவை என்று வீட்டுக்கு வீடு சொல்லும் கதையும் பெரும்பாலும் கதைதான். கடலிலிருந்து இத்தனை தொலைவுக்குக் கப்பல் மரத்தை யார் சுமந்து வந்திருக்கப் போகிறார்கள்?

"அப்பா, மாடிக்கு வாருங்கள்" என்று மகள் அழைத்த பிறகே தச்சுவேலையிலிருந்து மீண்டேன்.

மாடி அறைகளைக் கடந்து பரணுக்கு ஏறினால் அங்கே ஒரு சிற்றாலயம் இருக்கிறது. கூரைச் சரிவின் கீழே ஒடுங்கிய ஓர் அறை, ஒரு பீடம். மகள் தன்னையறியாமல் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டாள். மூதாட்டி அதைக் கவனித்து, நீங்கள் கத்தோலிக்கரா என்று கேட்டார். ஆம் என்றதும் அவரது குரல் சற்றுத் தணிந்தது. தாம் ஆங்கிலிக்கன் சபையைச் சார்ந்தவர் என்றும், இந்த அறையில் நின்று பேசும்போதெல்லாம் ஒரு கூச்சம் ஏற்படுவதாகவும் சொன்னார்.

அந்தக் கூச்சத்தின் பொருள் விளங்க வேண்டுமானால் சில சட்டங்களை நினைவுகூர வேண்டும். 1559-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஞாயிறன்று அரசின் திருச்சபை வழிபாட்டுக்கு வராதவர் பன்னிரண்டு பென்ஸ் தண்டம் கட்ட வேண்டும். 1581-இல் அத்தண்டம் மாதத்திற்கு இருபது பவுனாக உயர்ந்தது. அன்றைய நிலையில் அது குடும்பங்களை அழிக்கப் போதுமான தொகை. 1585-ஆம் ஆண்டுச் சட்டமோ தண்டத்தோடு நிற்கவில்லை. கடல் கடந்து சென்று குருப்பட்டம் பெற்று நாடு திரும்பிய குருவானவர் அரசத் துரோகி. அவருக்கு வீட்டில் இடம் கொடுத்தவருக்கும் மரணமே தண்டனை. யார்க் நகரில் இறைச்சி விற்பவரின் மனைவியாகிய மார்கரெட் கிளித்தரோ குருக்களுக்கு அடைக்கலம் அளித்ததற்காக 1586 மார்ச் 25 அன்று, பாரம் ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். அவரை 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புனிதராக உயர்த்தினார். அதே நாளில் புனிதரானவர்களில் ஒருவர் நிக்கோலாஸ் ஓவன் என்னும் இயேசு சபைத் துணைச் சகோதரர். அவரும் தச்சரே. ஊர் ஊராகச் சென்று கத்தோலிக்கர் வீடுகளின் சுவருக்குள்ளும் படிக்கட்டுக்கு அடியிலும் குருக்கள் ஒளிந்துகொள்ள மறைவிடங்கள் அமைத்தார்; 1606-இல் இலண்டன் கோட்டைச் சிறையில் சித்திரவதைக்கு உள்ளாகி இறந்தார். எந்த வீட்டில் எங்கே அமைத்தார் என்பதைச் சொல்லவில்லை.

மோஸ்லியிலும் அத்தகைய மறைவிடம் ஒன்று உண்டு. கணப்பு அடுப்பை அடுத்த சுவரறையின் தரைப்பலகையைத் தூக்கினால் கீழே ஒரு குழி. என்னைப் போன்ற குள்ளமானவனே முழங்காலைக் கட்டிக்கொண்டுதான் உட்கார முடியும். 1651 செப்டம்பரில் அதற்குள் உட்கார்ந்தவரோ ஆறடிக்கும் மேற்பட்ட உயரமுடைய இருபத்தோரு வயது இளைஞர், இரண்டாம் சார்லஸ் மன்னர்.

அவருடைய தந்தையை 1649-இல் பாராளுமன்றத்தார் தலை வெட்டிக் கொன்றார்கள். ஸ்காட்லாந்துப் படையோடு வந்த மகன் 1651 செப்டம்பர் 3 அன்று வூஸ்டர் போரில் கிராம்வெல்லிடம் தோற்றார். பிடித்துக் கொடுப்பவருக்கு ஆயிரம் பவுன் பரிசு; ஒளித்து வைப்பவருக்கு மரணம். இந்த நிலையில் அவரைக் கையில் ஏந்திக் காத்தவர்கள் யாரென்று பாருங்கள்! பெண்டரல் என்னும் உடன்பிறந்தார் ஐவர். மரம் வெட்டுவோரும் மாவரைப்போருமான ஏழைக் கத்தோலிக்கர்கள். காட்டில் ஒளிக்கவும், இரவில் வழிநடத்தவும், பாஸ்கோபெல் என்னும் வேறொரு மரவீட்டில் தங்க வைக்கவும் அவர்களால் முடிந்ததற்கு எளிய காரணம் ஒன்றே. குருக்களை ஒளித்து ஒளித்து அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. தேடிவருவோர் எந்த நேரத்தில் வருவர், எந்த வீட்டில் எந்தப் பலகை தூக்க வரும், எந்த வேலைக்காரியிடம் எதைச் சொல்லக்கூடாது என்பதையெல்லாம் ஒரு நூற்றாண்டுத் துன்பம் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. மன்னர்கள் போட்ட சட்டத்துக்கு அஞ்சி வெட்டிய குழி ஒரு மன்னருக்கே பயன்பட்டது.

செப்டம்பர் 8 விடியுமுன், இருளில், சார்லஸ் மோஸ்லியின் பின்வாசலுக்கு வந்தார். மாவு மில்லின் கிழட்டுக் குதிரைமேல் ஏற்றி அழைத்து வந்திருந்தார்கள். குதிரை இடறுகிறதே என்று மன்னர் சலித்துக்கொண்டபோது, மூன்று நாடுகளின் பாரத்தைச் சுமக்கும் குதிரை வேறெப்படி நடக்கும் என்று மாவரைப்பவரான ஹம்ஃப்ரி பெண்டரல் வேடிக்கையாகப் பதில் சொன்னதாக வரலாறு. மன்னருக்கு வெட்டியான தலைமுடி, மரம் வெட்டுவோரின் அழுக்கு உடை, அளவு பொருந்தாமல் கிழித்துவிட்ட காலணி, பாதங்கள் இரத்தமாகியிருந்தன. அவருக்கு முன்பே வந்து அவ்வீட்டில் ஒளிந்திருந்த வில்மட் பிரபு சொல்லும்வரை, வந்தவர்களுள் மன்னர் எவரென்று வீட்டுத் தலைவர் தாமஸ் விட்கிரேவால் கண்டுகொள்ள முடியவில்லை.

அவ்வீட்டில் அப்போது ஜான் ஹடில்ஸ்டன் என்னும் குருவானவர் மறைவாக வாழ்ந்துவந்தார். கணப்பின் அருகே மன்னரை உட்காரவைத்து, அவருடைய பாதங்களைக் கழுவித் துடைத்து, உலர்ந்த காலுறை அணிவித்தவர் அவரே. வீட்டில் மூன்று மாணவச் சிறுவர்கள் அவரிடம் பாடம் கற்றுவந்தார்கள். அவர்களைப் பரண் சன்னல்களில் காவலுக்கு நிறுத்தினார். யாருக்குக் காவல் என்று சொல்லவில்லை. அன்றிரவு உணவு மேசையில் அவர்களுள் ஒருவன், நாம் இன்று மெய்க்காவல் படையாயிற்றே, நன்றாகச் சாப்பிடுங்கள் என்று மற்றவர்களிடம் விளையாட்டாகச் சொன்னானாம். அது எவ்வளவு உண்மை என்பது பையனுக்குத் தெரியாது.

மன்னர் பகல் முழுவதும் வாசலுக்கு மேலுள்ள சிற்றறையின் சன்னல் வழியே பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோற்ற தம் படைவீரர்கள் நொண்டிக்கொண்டும் பிச்சை கேட்டுக்கொண்டும் வடக்கு நோக்கிச் செல்வதை அங்கிருந்துதான் பார்த்திருக்கிறார். ஹடில்ஸ்டன் அடிகளார் அவருக்குச் சிற்றாலயத்தைக் காட்டினார். தாம் அரியணை ஏறினால் இனி இப்படி ஒளிந்து வழிபட வேண்டியிராது என்று மன்னர் வாக்களித்தார். அடிகளாரின் உறவினரும் துறவியுமான ரிச்சர்ட் ஹடில்ஸ்டன் எழுதிய, கத்தோலிக்க விசுவாசத்தைச் சுருக்கமாய் விளக்கும் கைப்பிரதி ஒன்றையும் அங்கே வாசித்தார். அது 1688-இல்தான் அச்சேறியது.

மறுநாள் பிற்பகல் வீரர்கள் வந்துவிட்டார்கள். இங்கேதான் விட்கிரேவின் நெஞ்சுரம் வெளிப்படுகிறது. மன்னரைக் குழிக்குள் இறக்கிப் பலகையை மூடிய பின், அவர் வீட்டின் கதவுகளையெல்லாம் திறந்து போட்டுவிட்டுத் தாமே வெளியே சென்று வீரர்களை எதிர்கொண்டார். மூடிய கதவு சந்தேகத்தைத் தூண்டும் என்பதை அறிந்தவர் அவர். 1645-இல் நேஸ்பி போரில் காயமுற்றுச் சிறைப்பட்டவராதலால், வூஸ்டரிலும் போரிட்டாய் என்று சொல்லி அவரைப் பிடித்து இழுத்து அலைக்கழித்தார்கள். நோயாளியாகிய தாம் பல நாட்களாக வீட்டை விட்டு அகலவில்லை என்று அவர் வாதாடினார். அக்கம்பக்கத்தாரும் சாட்சி சொன்னார்கள். குருக்களைப் பிடித்துக் கொடுத்துக் கூலி வாங்கும் ஒருவன் அருகில் குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்த கொல்லரிடம் ஆயிரம் பவுன் ஆசை காட்டியும் பயனில்லை. வீரர்கள் வீட்டுக்குள் நுழையாமலேயே திரும்பினார்கள். அவர்கள் தெருவைக் கடந்து சென்று மறைந்த பிறகே விட்கிரேவ் பலகையைத் தூக்கினார்.

அன்றிரவே மன்னர் விடைபெற்றார். இரவு குளிர்ந்திருந்தது, அடிகளார் தம் மேலாடையைக் கொடுத்தனுப்பினார். ஏறத்தாழ ஆறு வாரம் நாடெங்கும் அலைந்து, அக்டோபரில் ஷோர்ஹாம் துறையிலிருந்து பிரான்சுக்குத் தப்பினார். 1660 மே 29 அன்று மன்னராகவே இலண்டனுள் நுழைந்தார்.

மூதாட்டி இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, மன்னர் படுத்திருந்த கட்டிலைக் காட்டினார். பிற்காலத்தில் வீட்டை விட்டே போய்விட்ட அக்கட்டில் திரும்பி வந்திருக்கிறது. மற்றவர்கள் அதைச் சுற்றி நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். எனக்கோ கட்டிலில் மனம் செல்லவில்லை. அந்த வாக்குறுதி என்னவாயிற்று என்று கேட்டேன்.

அவர் மழுப்பாமல் பதில் சொன்னார். தம்மைக் காத்தவர்களை மன்னர் மறக்கவில்லை. விட்கிரேவுக்கும் பெண்டரல் சகோதரர்களுக்கும் ஆண்டுதோறும் மானியம் கிடைத்தது. பெண்டரல் வழித்தோன்றல்களுக்கு இருபதாம் நூற்றாண்டிலும் அது வந்துகொண்டிருந்தது. ஹடில்ஸ்டன் அடிகளார் புனித ஆசீர்வாதப்பர் சபையில் சேர்ந்து, முதலில் மன்னரின் தாய்க்கும் பிறகு அரசி கத்தரீனுக்கும் ஆன்மகுருவானார். (பம்பாய்த் தீவைச் சீதனமாகக் கொண்டுவந்த போர்த்துகீசிய இளவரசியே இந்தக் கத்தரீன்.) ஆயினும் 1678-இல் டைட்டஸ் ஓட்ஸ் என்பவன் கத்தோலிக்கர்கள் மன்னரைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்று ஒரு பொய்யைக் கிளப்பிவிட்டபோது நாடே வெறிகொண்டது. மோஸ்லியிலும் பாஸ்கோபெலிலும் உதவியவர்களுக்கு மட்டும் மேலவை விலக்கு அளித்தது. மற்றவர்கள்? அதே வட்டாரத்தில் பணியாற்றிவந்த பிரான்சிஸ்கன் குரு புனித ஜான் வால் 1679 ஆகஸ்டில் வூஸ்டரில் தூக்கிலிடப்பட்டார். ஆர்மா நகரின் பேராயர் புனித ஒலிவர் பிளங்கெட் 1681 ஜூலை முதல் நாள் இலண்டனில் கொல்லப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்பது மன்னருக்குத் தெரியும். மன்னிக்கத் துணிவில்லை.

நான் கொதித்துப்போனேன். ஒரு குருவானவர் பாதம் கழுவிய கால்கள்! ஒரு குருவானவர் மறைந்து வாழ்ந்த குழியில் பிழைத்த உயிர்! வெளியே கூட்டம் கூச்சலிட்டபோது அவர் தம் அரண்மனைக் கதவைச் சாத்திக்கொண்டாரே என்று மகளிடம் சொன்னேன். நான் சற்று உரக்கவே பேசிவிட்டேன் போலும். ஓரிருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு எல்லோரையும் கீழே பின்வாசலுக்கு அழைத்துச் சென்றார்கள். அன்று இரவு மன்னர் நுழைந்த அதே கதவு. ஆணி வரிசைகள் அடித்த கனத்த ஓக் கதவு, தாழ்ப்பாள் இரும்பு. எல்லோரும் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டார்கள். நான் அந்த நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

எங்கள் ஊரில் முப்பதாண்டுகளுக்கு முன் ஒரு திருவிழா. தேர் எந்தத் தெருவழியே செல்ல வேண்டும் என்பதில் இரண்டு தெருவாருக்கும் மூண்ட சண்டை, கல்லெறியில் தொடங்கி வீடுகளுக்குத் தீ வைக்கும் அளவுக்கு முற்றியது. இரு தெருவாரும் ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குபவர்கள். மூன்றாம் நாள் இரவு பதினொரு மணி இருக்கும். என் வீட்டுக் கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். மெல்லத் தட்டினார்கள். சன்னல் இடுக்கில் பார்த்தேன். அடுத்த தெருப் பையன், என்னிடம் படித்தவன், கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கியவன். "சார், நான் ஒண்ணும் செய்யலை சார். இந்த ஒரு ராத்திரி மட்டும்" என்றான். என் மனைவி விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். எங்கள் தெருவார் அறிந்தால் என்ன சொல்வார்கள் என்பதும், காலையில் காவலர்கள் வந்தால் என்ன பதில் சொல்வேன் என்பதும் என் மனதில் ஓடின. "காலையில் வா தம்பி" என்றேன். கதவைத் திறக்காமலே சொன்னேன். சிறிது நேரம் அமைதி. பிறகு செருப்பில்லாத காலடி ஓசை வேலியோரமாகப் போய் மறைந்தது.

அவனை விடியுமுன் பிடித்துவிட்டார்கள். அடித்ததில் இடக்கை எலும்பு முறிந்து சரியாகக் கூடவில்லை. கல்லூரிக்குப் போக வேண்டிய ஆண்டு சிறையிலும் வழக்கு மன்றத்திலும் கழிந்தது. பிறகு ஊரிலேயே விவசாயம் பார்த்தான். வழியில் காணும்போதெல்லாம் வணக்கம் சொல்வான். அந்த இரவைப் பற்றி அவனும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எத்தனையோ முறை முழங்காலிட்டிருக்கிறேன். அங்கேயும் இதைச் சொன்னதில்லை. சட்டப்படி இது குற்றமல்ல, கட்டளைகளுள் எதன்கீழ் வரும் என்றெல்லாம் எனக்கு நானே வாதாடிக்கொண்டு காலம் கடத்திவிட்டேன்.

மன்னருக்கும் அவ்வாறே காலம் கடந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள். 1685 பிப்ரவரி 5 மாலை, வைட்ஹால் அரண்மனையில் அவர் மரணப் படுக்கையில் கிடந்தார். மோஸ்லிப் பரணில் வாசித்தது அவருள் எங்கோ தங்கியிருக்க வேண்டும். கத்தோலிக்கராகச் சாக விரும்பினார். அரசியின் போர்த்துகீசியக் குருக்களுக்கு ஆங்கிலம் தெரியாது. தேடி அழைத்துவந்தது ஹடில்ஸ்டன் அடிகளாரையே. எழுபத்தேழு வயதை நெருங்கிய முதியவர். அடையாளம் தெரியாதிருக்கப் பொய்முடியும் வேற்று உடையும் அணிந்து, பின்படிக்கட்டு வழியாக, மறைவான கதவொன்றைத் திறந்து உள்ளே நுழைந்தார். முன்பு உயிரைக் காத்தவர் இன்று ஆன்மாவைக் காக்க வந்திருக்கிறார் என்று மன்னரின் தம்பி ஜேம்ஸ் சொன்னாராம். மன்னர் பாவசங்கீர்த்தனம் செய்தார். நோயில்பூசுதலும் நற்கருணையும் பெற்றார். மறுநாள் நண்பகலை ஒட்டி இறந்தார். பாவசங்கீர்த்தனத்தில் பேராயர் பிளங்கெட்டின் பெயர் வந்ததா என்பது கடவுளுக்கும் அந்த முதியவருக்கும் மட்டுமே தெரியும். அடிகளார் 1698-இல் இறைவனடி சேர்ந்தார்.

வீட்டின் பிற்காலக் கதை சுருக்கமானது. 1829-இல் கத்தோலிக்கருக்கு உரிமைகள் மீண்டபோது பரண் ஆலயத்துக்குத் தேவை குறைந்தது. விட்கிரேவ் குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அருகே புதிய வீடு கட்டிக்கொண்டு குடிபெயர, பழைய வீடு குத்தகைக் குடியானவர்களின் கைக்குப் போயிற்று. 1925-இல் அது விற்கப்பட்டது. 1940-இல் வாங்கிய குடும்பத்தார் அதைச் செப்பனிடத் தொடங்கினர். 1962-இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் மரபுக் காப்பு அறக்கட்டளையிடம் ஒப்படைத்தனர். 1640-ஆம் ஆண்டு வரைபடம் ஒன்றைப் பின்பற்றி முடிச்சு முடிச்சாகப் பாத்தி கட்டிய தோட்டம் ஒன்றை இப்போது வைத்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை.

"அங்கே என்ன அப்பா இவ்வளவு நேரம்?" என்று மகள் திரும்பி வந்து கேட்டாள். கழுந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவள் தாத்தாவின் பேத்தி, நம்பிவிட்டாள்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள், மாலையில், பூசை மணிக்கு முன், அடுத்த தெருவுக்குப் போனேன். அவனுடைய வீட்டின் முன்கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். நான் அஞ்சியதுபோல் சன்னல் திறக்கவில்லை, கதவே திறந்தது. கல்லூரிக்குப் படிக்கும் அவனுடைய மகள் ஈரக்கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு நின்றாள். என்னை அறிந்திருந்தாள். "அப்பா வயலில் இருக்காங்க, தம்பியை அனுப்பிக் கூப்பிடுறேன். உள்ளே வந்து உட்காருங்க தாத்தா" என்று சொல்லி ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டாள்.

உட்கார்ந்தேன்.